குப்பையைக் குறைத்து வாழ்ந்த பெங்களூரு நாட்கள்: எது நிலைத்தது, எது மூலையில் கிடக்கிறது

எம்.எஸ்சி. படிக்க பெங்களூரு வந்ததிலிருந்து குப்பையைக் குறைக்க என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. முதலில் பிஜி (மாத வாடகைக்கு அறை தரும் தனியார் விடுதி), அப்புறம் அல்சூரில் தோழிகளோடு வாடகை வீடு. படிப்பு முடியப்போகிறது என்பதால் இப்போது தைரியமாகச் சொல்லலாம்: 'ஜீரோ வேஸ்ட்' என்று பெயர் ஒட்டி விற்கிற பொருட்களில் எனக்கு உருப்படியாக உதவியவை இரண்டுதான். மற்றபடி குப்பை குறைந்ததெல்லாம் சாப்பிடுகிற இடத்தை மாற்றியதாலும், ஊரிலிருந்து பாத்திரம் கொண்டுவந்ததாலும் நடந்தது.

இந்த ஊரில் குப்பையை வீட்டிலேயே பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் 'இரண்டு தொட்டி, ஒரு பை' முறையைக் கட்டாயமாக்கியது. ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, நாப்கின் போன்றவற்றுக்குச் சிவப்புத் தொட்டி, உலர் குப்பைக்கு ஒரு பை. பிஜியில் எல்லாம் ஒரே டிரம்தான், அதனால் யார் எவ்வளவு போடுகிறோம் என்றே தெரியாது. தனி வீட்டுக்கு வந்து பிரிக்க ஆரம்பித்ததும் எங்கள் லட்சணம் தெரிந்தது. உலர் குப்பைப் பையில் பெரும்பாலும் பார்சல் டப்பாதான். கறுப்பு டப்பா, வெள்ளை டப்பா, சட்னிக்குக் குட்டி டப்பா, இவை எல்லாவற்றையும் சுற்றி ஒரு கவர். மூங்கில் பிரஷ் வாங்கி உலகத்தைக் காப்பாற்றுவதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும் என்று அன்றே முடிவானது.

அதற்குப் பெங்களூரைப் போல வசதியான ஊர் இல்லை. தர்ஷினி என்கிற சின்ன டிபன் கடைகளில் எவர்சில்வர் தட்டில் இட்லி வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டு, ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தரும் 'பை-டூ' காபியைத் தோழியோடு குடித்துவிட்டு வந்தால் ஒரு துண்டு குப்பைகூடக் கிடையாது, டெலிவரிக் கட்டணமும் மிச்சம். டீக்கடையில் பேப்பர் கப் நீட்டினால் கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கிக்கொள்வேன். பேப்பர் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2025 பிப்ரவரியில், துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளில் இட்லி வேகவைக்கக் கூடாது என்று மாநில சுகாதாரத் துறை நடவடிக்கை எடுத்தது. அதிலிருந்து எங்கே சாப்பிட்டாலும் இட்லிப் பானையை எட்டிப் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் சாப்பிட வேண்டுமென்றால் தூக்குவாளி. பக்கத்து மெஸ் அக்கா முதலில் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார். "என்ன பாப்பா, கவர்ல கட்டித் தர்றேன், இதைப் போய் தூக்கிட்டு வர்றியே?" என்றார். "கழுவுறது நான்தானே அக்கா, ஊத்துங்க" என்றேன். இப்போது கேட்காமலே ஒரு கரண்டி சாம்பார் அதிகம் விழுகிறது. கவரில் அளந்து கட்டுகிற கை, வாளியில் ஊற்றும்போது தாராளமாகிவிடுகிறது போல. ஆர்டர் செய்கிற ஆப்பில் 'ஸ்பூன் வேண்டாம்' என்று தேர்ந்தெடுப்பதை மட்டும் நம்பாதீர்கள். வருகிற ஸ்பூன் வந்துகொண்டேதான் இருக்கிறது.

உதவிய இரண்டில் முதலாவது மென்ஸ்ட்ருவல் கப், மாதவிடாயின்போது நாப்கினுக்குப் பதில் உள்ளே வைத்துக்கொள்வது. சில நூறு ரூபாய்க்கு வாங்கியது, பல வருடம் உழைக்கும் சிலிகான். சரியாக மடித்து வைக்கப் பழக இரண்டு மூன்று மாதம் பிடித்தது. அதுவரை கசிவும் இருக்கும், அம்மாவின் கவலையும் இருக்கும். அதிகபட்சம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துக் கழுவ வேண்டும், ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் சில நிமிடம் போட வேண்டும். பிஜியின் பொதுச் சமையலறையில் இதுதான் பெரிய தலைவலி. எல்லாரும் டீ போடுகிற அடுப்பில் யார் விடுவார்கள்? சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, அதில் கப்பைப் போட்டு அறையிலேயே கெட்டில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தேன். தனி வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒழுங்காகக் கொதிக்க வைக்க முடிகிறது. இப்போது எங்கள் சிவப்புத் தொட்டி ஏறக்குறைய காலி. ஆனால் இது எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். கல்லூரிக் கழிப்பறையில் தண்ணீர் வராத நாளில் நானும் நாப்கினுக்குத்தான் போகிறேன்.

ஷாம்பு பார் படுதோல்வி. பிஜியில் போர்வெல் தண்ணீர், நல்ல உப்பு. சோப்பு வகைப் பார்கள் கடினநீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகத் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஊரிலிருந்து அரைத்து வந்த சீயக்காய்க்கு அந்தப் பிரச்சினை இல்லை. மூங்கில் பிரஷ்ஷின் நார் எப்படியும் நைலான்தான், ஈரக் குளியலறையில் அடிப்பக்கம் கறுத்தும் போனது. பழத்தோல், வெல்லம், தண்ணீர் கலந்து மூன்று மாதம் ஊறவைக்கும் பயோஎன்சைம் குளியலறைத் தரைக்குப் பரவாயில்லை, ஆனால் வாசனைக்கு அறைத்தோழிகளின் சம்மதம் தேவை. துணிப்பைக்குத் தனியாகச் செலவே வேண்டாம். ஊர்க் கல்யாணங்களில் கிடைத்த தாம்பூலப் பைகள் போதாதென்று கல்லூரி விழாக்களில் வேறு ஆளுக்கொன்று கொடுத்துத் தள்ளுகிறார்கள்.

உதவிய இரண்டில் இரண்டாவது, கம்பா. 2006-இல் இங்கே தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனத்தின் அடுக்குமண்பானை உரத்தொட்டி. விலை ஒரு மாணவிக்குக் கொஞ்சம் கையைக் கடிக்கும், மூன்று பேர் பங்கு போட்டோம். காய்கறித் தோலைப் போட்டு, அதைவிடக் கூடுதலாகக் காய்ந்த இலையோ தென்னைநார்த் தூளோ தூவ வேண்டும். இலை குறைந்தால் ஈரம் சேர்ந்து நாறும், புழு நெளியும். புழு கெடுதல் இல்லை, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அதை விளக்கி முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் நடைபாதை முழுக்க இலைதான். எரிப்பதற்குக் குவித்து வைத்திருப்பதில் ஒரு சாக்கு அள்ளிவந்தால் பல மாதம் ஓடும். உரம் எல்லாம் வீட்டுக்கார அக்காவின் கறிவேப்பிலைச் செடிக்கு.

உலர் குப்பையைக் கழுவிக் கொடுக்கிறோம் என்று சொன்னால் கல்லூரியில் சிரிக்கிறார்கள். வார்டு உலர் குப்பை மையத்தில் அதைக் கையால்தான் தரம் பிரிக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு டப்பாவுக்கு விலையும் கிடைக்காது. கழுவுவதற்கு, குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றுகிற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வோம். 2024 கோடையில் டேங்கருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வாளியின் அருமை தெரியும். சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றி வருகிற காவிரியை டப்பா கழுவ விட மனசு வராது.

மாணவர்கள் உண்டாக்குகிற பெரிய குப்பை உண்மையில் பிஜி காலி செய்கிற நாளில்தான் வெளியே வருகிறது. மெத்தை, பக்கெட், ஹேங்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் மாடிப்படியில் கிடக்கும். என் மேசையும் இண்டக்‌ஷன் அடுப்பும் சீனியர் அக்காக்கள் விட்டுப்போனவைதான். இப்போது என் முறை. அடுப்புக்கு ஜூனியர்களில் இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள், மேசையும் பேசியாயிற்று. கம்பாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கார அக்கா எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், புழு வந்தால் எந்த ஊரில் இருந்தாலும் நான் போனை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.