கம்பிக்கு அப்பால் சிறுத்தை, வாசற்படியில் கறுவல்: கமராவை எந்தப் பக்கம் திருப்புவது?

திருகோணமலையில் மிருகக்காட்சிசாலை இல்லை. தெகிவளைக்குப் போவதென்றால் இரவு ரயிலில் ஏறி, விடிய கொழும்புக் கோட்டையில் இறங்கி, கரையோர ரயிலில் தெகிவளை வரை போய், மீதித் தூரத்துக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும். ஒரு இரவு, ஒரு பகல், திரும்பி வர இன்னொரு இரவு. எங்கள் வீட்டு நாய் கறுவலைப் படம் எடுக்க நான் கதிரையை விட்டு எழும்பவே தேவையில்லை. இதை எழுதும்போதும் என் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் படுத்திருக்கிறான்.

புதிதாகக் கமரா வாங்கிய பிள்ளைகள் மூன்று பேர் இந்த வருடம் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "அண்ணா, மிருகங்களைப் படம் எடுத்துப் பழக எங்க போறது?" மூவரின் மனதிலும் இருந்தது தெகிவளை அல்லது யானைகள் இருக்கும் பின்னவல. வீட்டில் நாய் இல்லையா என்று கேட்டால், "இருக்கு, ஆனா அது வீட்டு நாய்தானே" என்றார்கள் இருவர். அந்தத் 'தானே'க்காகத்தான் இந்த அலசல். இரண்டையும் எட்டு வருடமாக எடுத்து வருகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாயைப் படம் எடுப்பதுதான் கஷ்டம், கற்றுக்கொள்ளக் கிடைப்பதும் அதில்தான் கூட. ஆனால் மிருகக்காட்சிசாலையில் மட்டுமே படியும் பழக்கங்களும் உண்டு. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

முதலில் கம்பி. தெகிவளை மிருகக்காட்சிசாலையை அரசாங்கம் பொறுப்பேற்றது 1936இல். பழைய இடம், நெருக்கமான இடம், கூடுகளில் வலைக்கம்பி. புதிதாக வருகிறவர் இரண்டு அடி தள்ளி நின்று எடுக்கிறார். படம் முழுக்கக் கட்டம் கட்டமாக வலை விழுகிறது. வேலி அனுமதிக்கிற அளவுக்கு லென்ஸைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டு போங்கள். லென்ஸின் துவாரத்தை, அதாவது வெளிச்சம் புகும் ஓட்டையை, முழுவதும் திறந்து வையுங்கள் (எஃப் எண் எவ்வளவு சின்னதோ துவாரம் அவ்வளவு பெரிது). மிருகம் கம்பியை விட்டு நன்றாக உள்ளே போகும் வரை பொறுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் கம்பி கரைந்து காணாமல் போகும். நாலாவது ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை: வெயில் படுகிற கம்பி எவ்வளவு கிட்டப் போனாலும் வெள்ளைப் புகை மாதிரிப் படத்தில் படரும். அதனால் கூட்டின் நிழல் விழுகிற பக்கமாகச் சுற்றிப் போய் நில்லுங்கள். தானாகக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் புதுக் கமராக்கள் வலைக்கு முன்னால் குழம்பிப் போகும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போன் மட்டும் வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. போன் லென்ஸ் சின்னது, பல வலைகளின் ஓட்டைக்கு நேரே வைத்தால் கம்பியே தெரியாது. கையை உள்ளே விட வேண்டாம், விளிம்போடு நிறுத்துங்கள்.

பாம்பு, மீன் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். கறுப்புத் துணி ஒன்றைச் சுற்றி லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினால் பிரதிபலிப்பு போய்விடும். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

தெகிவளையில் ஒரு தடவை சிறுத்தைக் கூட்டின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றேன். அது சுவர் ஓரமாக ஏழெட்டு அடி நடந்து, ஒரே இடத்தில் தலையைத் தாழ்த்தித் திரும்பி, வந்த வழியே போனது. பிறகும் அதே நடை, அதே திருப்பம். பத்தாவது சுற்றில் அது எந்த நொடியில் தலையைத் தூக்கும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு கண்ணிலும் வெளிச்சம் விழுந்த படம் கிடைத்தது. பொறுமை, முன்கூட்டி ஊகிப்பது, ஒரு நொடிக்காக விரலைத் தயாராக வைத்திருப்பது, எல்லாம் அன்றைக்குப் படிந்த பழக்கம். ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. அது ஏன் அப்படி நடந்துகொண்டே இருக்கிறது என்று தெரியும். அடைத்து வைத்த பெரிய பூனைகள் செய்வது அது. என் படம் தெளிவாக வந்ததற்குக் காரணமே அந்த அலைச்சல்தான்.

பின்னவல கொஞ்சம் வேறு மாதிரி. 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயத்தில், யானைகள் மகா ஓயாவுக்குக் குளிக்கப் போகும்போது ஆற்றங்கரையில் நின்று கம்பி இல்லாமல் எடுக்கலாம். பக்கத்திலேயே 2015இல் திறந்த திறந்தவெளி மிருகக்காட்சிசாலை இருக்கிறது. அங்கே இடம் விசாலம். மிருகம் தூரத்தில் நிற்கும், நீள லென்ஸ் இல்லாமல் போனால் புல்வெளியைத்தான் எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

இனி நாய்.

நாயிடம் உள்ள பெரிய சிக்கல், அதற்கு உங்களைத் தெரியும் என்பது. சிறுத்தை உங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. நாய் நீங்கள் குந்தினாலே விளையாட்டு என்று நினைத்து ஓடி வந்து லென்ஸை நக்கும். இல்லாவிட்டால், பெரிய கண்ணாடிக் கண் ஒன்று தன்னை உற்றுப் பார்ப்பதாக எண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, காதைப் பின்னால் ஒட்ட வைப்பது எல்லாம் தூக்கத்திலோ பசியிலோ வருவது என்று பலர் நினைக்கிறார்கள். கமரா முன்னால் அப்படிச் செய்தால் பெரும்பாலும் அதற்குச் சங்கடமாக இருக்கிறது என்று அர்த்தம். உடனே கமராவை இறக்குங்கள். நான் முதல் ஒரு வாரம் கமராவைத் தரையில் வெறுமனே வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். கறுவல் மோந்து பார்த்தான், சுற்றி வந்தான், பிறகு அதைக் கதிரை மேசை மாதிரி ஒரு சாமானாக எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் நல்ல படங்கள் தொடங்கின.

அடுத்தது தூரம், அதாவது தூரமே இல்லாமை. 250 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6 வைத்து, பத்து மீற்றர் தள்ளி நிற்கும் சிறுத்தையை எடுத்தால், ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சர் உள்ள கமராவில் ஏறத்தாழ ஒரு அடி ஆழத்துக்குத் தெளிவு இருக்கும். முகம் முழுவதும் அதற்குள் அடங்கும். அதே கமராவில் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, ஒரு மீற்றர் தூரத்தில் நாய் என்றால் தெளிவு மூன்று சென்ரிமீற்றர் கூட வராது. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு பஞ்சாகிவிடும், மூக்கில் வைத்தால் கண் போய்விடும். எங்கள் ஊர் நாய்களுக்கு முகவாய் நீளம் வேறு. 'பின்னால் மங்கலாக வரும்' என்ற ஆசையில் 1.8ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அரை மீற்றர் பின்னால் நகர்ந்து எஃப் 4க்கு வரட்டும். ஒன்றரை மீற்றரில் எஃப் 4 வைத்தால் பதின்மூன்று சென்ரிமீற்றர் கிடைக்கும், கண்ணும் மூக்கும் இரண்டும் அடங்கும். போனில் எடுக்கிறவர்கள் கிட்டப் போய் மூக்கை வீங்க வைக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெருக்கத்தில் எடுங்கள்.

பின்னேரம் அம்மா குசினி வாசலில் இருந்து தேங்காய் திருவுவார். கறுவலுக்குக் குசினிக்குள் வர அனுமதி இல்லை, அது அவனுக்கும் தெரியும். முன்னங்கால் இரண்டும் படிக்கு வெளியே, நாடி மட்டும் படியின் மேல். திருவலை சத்தத்தோடு சேர்ந்து அவன் புருவம் ஒன்று மாறி ஒன்று எழும்பும். ஒரு நாள் தேங்காய்ப்பூ ஒன்று பறந்து போய் அவன் மூக்கில் ஒட்டிக்கொண்டது. நக்கலாமா, அதற்கும் அனுமதி வேண்டுமா என்று அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். நான் தரையில் வயிற்றைப் பதித்துப் படுத்திருந்தேன். கறுப்பு மூக்கில் வெள்ளைத் தேங்காய்ப்பூ, அதற்கு மேலே இரண்டு கண், பின்னால் மங்கலாக அம்மாவின் சேலைக் கரை. இந்தப் படம் இந்தக் குசினி வாசலில் மட்டும்தான் கிடைக்கும். சிறுத்தையை அன்றைக்கு என் பக்கத்தில் நின்ற ஐந்து பேரும் எடுத்தார்கள். அவர்களுடைய படமும் என்னுடையதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கறுப்பு நாய் வளர்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் மனம் விட்டுப் போகிறார்கள். கமராவுக்கு உலகம் முழுவதும் சராசரிச் சாம்பல் நிறம். நாயின் கறுப்பு படத்தை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மயிர் சாம்பலாக, வெளுத்துப் போய் வரும். அப்போது கமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒரு படி, அதாவது பாதியாக, குறையுங்கள். அதே நாய் உப்புவெளிக் கடற்கரை மணலில் நின்றால் நிலைமை தலைகீழ். கமரா வெள்ளை மணலைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தைக் குறைக்கும், நாய் கரிக்கட்டையாகிவிடும். அங்கே ஒரு படி கூட்ட வேண்டும். ஒரே நாய், ஒரே பின்னேரம், வாசலில் குறைக்கிறோம், கடற்கரையில் கூட்டுகிறோம். மிருகக்காட்சிசாலையில் மிருகமும் மாறாது, பின்னால் இருக்கிற சீமெந்துச் சுவரும் மாறாது என்பதால் இந்தக் கணக்கைப் போட அவ்வளவாகத் தேவை வராது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் திருகோணமலையில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நாயின் கண் இரண்டும் குழிக்குள் போய்விடும். அந்த நேரம் நாயும் வேப்பமர நிழலை விட்டு வராது, நீங்களும் விட்டுவிடுங்கள். தெகிவளைக்குப் போகிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நீங்கள் போய்ச் சேர்கிற நாளின் வெயில்தான் உங்களுக்கு. மழை என்றால் மழைதான்.

ஓட்டத்தில் எடுப்பதற்கு நாயை மிஞ்ச எதுவும் இல்லை. கூட்டுக்குள் நடக்கிற மிருகத்துக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும். கடற்கரையில் உங்களை நோக்கி ஓடி வரும் நாய்க்கு 1/1000க்குக் குறைந்தால் கால்கள் கரையும், அப்படியிருந்தும் பத்தில் எட்டுப் படம் ஃபோகஸ் தவறும். அந்த எட்டும் அடுத்த பின்னேரம் ஏழாகும். நாளைக்கும் நாய் ஓடும் என்பதுதான் இதில் பெரிய வசதி. ஒன்றைக் கவனியுங்கள்: ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும், கரையில் உப்பும் சேரும். கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்து முதலில் ஊதி, அப்புறம் துடையுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடி கீறும்.

செலவு என்று பார்த்தால், மிருகக்காட்சிசாலைக்கு நீள லென்ஸ் வேண்டும், ரயில் காசு வேண்டும். நாய்க்குக் கமராவோடு வருகிற 18-55 மி.மீ. லென்ஸ் போதும். கையில் காசு சேர்ந்தால் 50 மி.மீ. வாங்குங்கள், நீள லென்ஸைப் பிறகு பார்க்கலாம்.

நீள லென்ஸ் ஏற்கெனவே இருக்கிறது, நாய் இல்லை, கொழும்புக்குப் போகவும் வசதி இல்லை என்றால் எங்கள் ஊரிலேயே மூன்றாவது வழி உண்டு. 1624இல் போர்த்துக்கீசர் கட்டிய கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் புள்ளிமான்கள் தம்பாட்டில் திரிகின்றன. கூடும் இல்லை, கயிறும் இல்லை. மனிதரைப் பழகியவை, பத்து மீற்றர் வரை விடும். சிறுத்தையின் தூரமும் நாயின் பழக்கமும் பாதிப் பாதியாகக் கலந்த இடம். விடிய ஆறரைக்குப் போனால் வெயில் கடல் பக்கமிருந்து தாழ்வாக வரும். அதை மானுக்குப் பின்னால் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். ஆண் மானுக்குக் கொம்பு விழுந்து புதிதாக முளைக்கும் காலமாக இருந்தால் கொம்பின் மேல் மெல்லிய மயிர்த்தோல் இருக்கும். பின்வெளிச்சத்தில் அந்த ஓரம் தங்கக் கம்பி மாதிரித் தெரியும். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் அந்தப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். படத்துக்காகத் தீன் காட்டிக் கூப்பிடவும் வேண்டாம். அந்த மான்கள் சொப்பின் பையையே தின்கின்றன. ஒருவர் பை சரசரப்பதைக் கேட்டுக் கூட்டமாக ஓடி வருவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பையில் பாண் இருந்தாலும் அதைக் கையில் எடுக்காதீர்கள்.

வந்த மூன்று பிள்ளைகளில் இருவர் வீட்டில் நாய் இருந்தது. அவர்களுக்கு ஒரு மாதம், தினம் பத்து நிமிடம், வீட்டு வளவை விட்டு வெளியே போகாமல் எடுக்கச் சொன்னேன். நாய் இல்லாதவரை ஞாயிறு விடியலில் கோட்டைக்கு அனுப்பினேன். தெகிவளைக்கும் போகட்டும், ஆனால் அந்த மாதம் முடிந்த பிறகு. காத்திருப்பது என்றால் என்னவென்று கை பழகின பிறகு போனால், கம்பிக்குப் பின்னால் இருக்கிறதை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

கறுவலுக்கு இப்போது பதினொரு வயது. முகவாய் முழுக்க நரைத்துவிட்டது, கண்ணைச் சுற்றியும் வெள்ளை ஏறுகிறது. முன்பு வாசலில் எடுத்தால் வெளிச்சத்தை ஒரு படி குறைப்பேன். போன மாதம் பழைய அளவிலேயே எடுத்துப் பார்த்தேன், படம் இருண்டு வந்தது. இப்போது அவனுக்கு அரைப் படிதான் குறைக்கிறேன்.