நாய்க்குட்டியை, பூனைக்குட்டியை எப்போது எடுப்பது: 35 நாளா, 8 வாரமா, 14 வாரமா?

"35 நாள் ஆச்சுங்க, பால் மறந்துடுச்சு. இப்பவே கொண்டுபோனாத்தான் உங்ககிட்ட ஒட்டும்." நாய்க்குட்டி விற்பவர்கள் பலர் சொல்வது இது. பால் மறப்பது வேறு, தாயை விட்டுப் பிரிய முதிர்ச்சி வருவது வேறு.

ஐந்தாவது வாரத்தில் குட்டிக்கு ஊசி ஊசியாகப் பால்பற்கள் இருக்கும். கூடப்பிறந்ததன் காதைக் கவ்விக் கொஞ்சம் அழுத்தினால் அது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயின் மடியைக் கடித்தால் அது உறுமிக்கொண்டு எழுந்துபோகும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற பாடம் தாயும் குட்டிகளும் படுத்திருக்கும் சாக்குத் துணியின் மேல்தான் நடக்கிறது. முன்கூட்டியே தூக்கி வந்த குட்டி அதை நம் கையில் பழகும்.

இத்தாலியில் 140 நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் விசாரித்த ஆய்வு 2011-ல் வெளியானது. பாதி 30 முதல் 40 நாளில் பிரிக்கப்பட்டவை, மீதி இரண்டு மாதத்தில். சீக்கிரம் பிரிந்தவற்றிடம் ஓயாத குரைப்பு, நடைப்பயிற்சியில் பயம், சத்தத்துக்கு மிரள்வது, பொருள்களைக் குதறுவது, சாப்பாட்டை யாரும் நெருங்கவிடாதது எல்லாம் அதிகம். உரிமையாளர் சொன்னதை வைத்த கணக்குதான், ஆனாலும் 35 நாளை நான் ஒதுக்க அது போதும்.

அப்படியென்றால் நாய்க்கு 14 வாரம் வரை காத்திருக்கலாமே? வேண்டாம். மனிதர், தெரு, வண்டிச் சத்தம் எல்லாம் நாய்க்குப் பழகும் பருவம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்தில் மங்கிவிடும். அதைக் கூண்டுக்குள் கழித்த குட்டி பிறகு வாசலைத் தாண்டவே நடுங்கும். நாய்க்கு என் தேர்வு 8 வாரம். 2017-ன் மத்திய அரசு விதிகளும் 8 வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கத் தடை போடுகின்றன.

பூனைக்குக் கணக்கே மாறுகிறது. அது மனிதரோடு பழகும் பருவம் சுமார் 2 முதல் 7 வாரம். அதற்குள் தினமும் கையில் எடுத்துக் கொஞ்சியிருந்தால், மேலும் தாயோடு இருப்பதில் நமக்கு நஷ்டமில்லை, குட்டிக்கு லாபம். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வில் 5,726 பூனைகள்: 8 வாரத்துக்கு முன் பிரிந்தவற்றிடம் ஆக்ரோஷம் கூடுதல், 14 வாரத்துக்கு மேல் தாயோடு இருந்தவற்றிடம் அந்நியர் மேல் பாய்வதும், ஓயாமல் உடம்பை நக்குவதும் குறைவு. பூனைக்கு 14 வாரம் காத்திருப்பேன்.

தாயில்லாமல் கிடைத்த பூனைக்குட்டிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றின் கடியை இன்னொன்றுதான் திருத்தும். விலைக்கு வாங்குவதானால் தாயோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். "தாய் இங்க இல்லீங்க" என்றால் நான் வாங்க மாட்டேன்.