திருகோணமலையில் இந்தியச் சாப்பாடு: மெனு அட்டையை மூடிவிட்டுக் கேளுங்கள்

ஊருக்குப் போனால் சோறும் மீன்குழம்பும் சொதியும்தான் என்று நான் நினைத்திருந்தேன். கனடாவில், ஸ்காபரோவில் வளர்ந்த என் பிள்ளைகளுக்கோ நாணும் பட்டர் சிக்கனும் வேண்டுமாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகளுக்காகவே நடக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே போக மனம் வரவில்லை. டவுனுக்குள், ஊர்ச் சனம் சாப்பிடும் ஒரு சின்ன இந்தியக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

மெனு அட்டை ஒரு கல்யாண அல்பம் மாதிரித் தடிப்பு. வட இந்தியா, தென்னிந்தியா, சைனீஸ், கடைசிப் பக்கத்தில் எங்கள் கொத்துரொட்டி. பிள்ளைகள் விரலால் காட்டிய எல்லாவற்றுக்கும் பரிமாறும் தம்பி தலையாட்டினான். எழுதிக்கொண்டு உள்ளே போனவன் நெடுநேரம் கழித்துத்தான் வந்தான்.

“அண்ணை, நாண் பின்னேரம்தான். தந்தூரி அடுப்பு இன்னும் மூட்டேல்ல.”

சரி, அதில் நியாயம் இருக்கிறது. களிமண் அடுப்பு நன்றாகச் சூடேற நேரம் எடுக்கும், நாலு மேசைக்காக மத்தியானத்தில் யார் மூட்டுவார்கள்? ஆனால் அதை ஓடர் எடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். பனீரும் இல்லை, அதுவும் பிறகுதான் தெரிந்தது. நல்லகாலம், வாசலில் ஒரு புள்ளிமான் வந்து நின்றது. திருகோணமலையில் மாடு மாதிரி மான் தெருவில் திரியும் என்பது பிள்ளைகளுக்குப் புதினம். காத்திருந்த நேரம் அப்படிக் கழிந்தது.

கடைசியில் நான் அட்டையை மூடிவிட்டு, “இப்ப சுடச்சுட என்ன இருக்கு, தம்பி?” என்று கேட்டேன். மசாலாத் தோசை என்றான். அதன்பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது.

தோசை உண்மையாகவே நல்ல தோசை. என் அம்மா சுடும் தோசை வேறு: உளுந்தோடு கோதுமை மாவும் சேரும், வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து மாவுக்குள்ளேயே கொட்டுவார், மஞ்சள் நிறத்தில் மெத்தென்று வரும். இங்கே வந்தது அரிசியும் உளுந்தும் அரைத்த இந்தியத் தோசை, ஓரம் மொறுமொறுப்பு, உள்ளே உருளைக்கிழங்கு. ஆனால் சாம்பாருக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சட்னி இல்லை, எங்கள் சிவப்புச் சம்பல்! இந்தியாவில் இருந்து வருபவர் முகம் சுளிக்கலாம். எனக்கு இந்தச் சேர்க்கைதான் பிடித்தது.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கேட்காமலே ஒரு தட்டில் வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதை எண்ணித்தான் காசு. என் மகள் அதை இலவசம் என்று நினைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து வைத்துவிட்டாள். மிச்சமிருப்பது அடுத்த மேசைக்குப் போகும் தட்டு அது! எல்லாவற்றையும் எங்கள் கணக்கில் போடச் சொன்னேன். கை துடைக்க வெட்டி அடுக்கிய பேப்பர்த் துண்டுதான், ரிசுப் பேப்பரைக் (tissue) கையோடு கொண்டுபோவது நல்லது.

பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் இருந்தது. பெரிய ஹோட்டல்களில் இதற்கு மேல் 18 வீத வற் வரியும் ஏறும், இங்கே அது இல்லை. “இந்தப் பத்து வீதம் உங்களுக்கு வருமோ?” என்று தம்பியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டு, “முதலாளியிட்டக் கேளுங்கோ அண்ணை” என்றான். கேட்கவில்லை. கொடுக்க நினைத்ததை அவன் கையிலேயே கொடுத்தேன்.

நாண் வேண்டுமென்றால் பொழுதுபட்ட பிறகு போங்கள். வெள்ளிக்கிழமை இன்னும் நல்லது, சனம் சைவக் கடைகளில் நிற்கும், இங்கே மேசை கிடைக்கும். கல்லாவில் கார்ட் மெஷின் இருந்தது, வேலை செய்யவில்லை. சில்லறையும் கொண்டுபோங்கள். 5000 ரூபாத் தாளை நீட்டினால், மாற்றுவதற்குப் பக்கத்துக் கடைக்கு ஓடுவதும் அதே தம்பிதான்.