ஈ விளக்கும் ஒரு வாளியும்: சுங்கை சிப்புட்டில் எங்கள் அந்துப்பூச்சிப் பதிவு

அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்ய எந்த விளக்கு நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வாரம் தவறாமல் உங்களால் ஏற்ற முடிகிற விளக்கு. பாதரச ஆவி விளக்கு, புற ஊதாக் குழல் விளக்கு, எல்.இ.டி. என்று மூன்றையும் எங்கள் குழு வருடக்கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டது. இன்று நிலையாக எரிவது, மாமாக் உணவுக் கடைகளில் ஈ பிடிக்கச் சுவரில் மாட்டியிருப்பார்களே, அந்த நீலக் குழல்தான்.

நாங்கள் இருப்பது பேராக்கில், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட். ஊரைச் சுற்றிச் செம்பனை, இடையிடையே மிச்சமிருக்கும் ரப்பர், கிழக்கே காடும் மலையும். குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்த குடும்பத்தினர். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும் இருவர், இடைநிலைப்பள்ளி மாணவிகள், அப்புறம் நான். நான் வயரிங் வேலை செய்கிறவன் என்பதால் விளக்கும் வயரும் என் பொறுப்பு. பெயர் கண்டுபிடிப்பது டீச்சர் பொறுப்பு.

முதலில் பாதரச ஆவி விளக்கில்தான் தொடங்கினோம். 125 வாட், கூடவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பேலஸ்ட், பின்னால் கட்டிய வெள்ளை வேட்டி. அதன் வலிமையை மறுக்க மாட்டேன். மழை விட்ட புழுக்கமான இரவில், நிலா இல்லாத நாளில், வேட்டி முழுக்கப் பூச்சியாகிவிடும். அட்லஸ் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தால் தாமானே திரண்டு வந்து பார்க்கும். இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தாலும் மறைக்காத இறக்கை. ஆனால் அதற்கு உண்ண வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்தே ஓரிரு வாரம் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். ஒரு மாணவி அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் அங்கிருந்து நகரவே இல்லை. குழுவுக்கு ஆள் சேர்த்துத் தந்தது அந்த விளக்குதான்.

ஆனால் அதோடு குடித்தனம் நடத்துவது கடினம். ஏற்றிச் சில நிமிடம் கழித்தே முழு வெளிச்சம் வரும். இடையில் கரண்ட் போனால் ஆறும்வரை மறுபடி எரியாது. கொதிக்கும் கண்ணாடியில் மழைத்துளி பட்டால் விரிசல் விடும். நம் ஊர் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? பக்கத்து வீட்டுப் படுக்கையறை பகல் போல ஆகிவிடும், வண்டுகள் அவர்கள் சன்னலில் போய் மோதும். பாதரசப் பொருள்களைக் குறைக்கும் மினமாட்டா ஒப்பந்தத்தின்படி இந்த வகை விளக்குகளின் தயாரிப்புக்கும் வணிகத்துக்கும் 2020-தான் கடைசி ஆண்டு, அதனால் உதிரி கிடைப்பதும் அருகிவிட்டது. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈரப் புல்லில் வீட்டு மின்சாரம் இழுக்கிறீர்கள், வேலை செய்கிற ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத பிளக்கில் சொருகவே சொருகாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

சரி, ஈ விளக்குக்கு வருகிறேன். அந்த இயந்திரம் வேண்டாம், அதன் மின்கம்பி வலை பூச்சியைக் கருக்கிவிடும். அதற்குப் போடும் மாற்றுக் குழல் மட்டும் போதும். 15 வாட் குழல் பெரிய ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். அதன் ஒளி 368 நானோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் கொள்வது, அந்துப்பூச்சியின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பகுதி. வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். இணையத்தில் நாங்கள் வாங்கிய ஒரு எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் 365 என்று போட்டிருந்தது. ஏற்றியதும் பளீரென்று ஊதா அடித்தது. உண்மையான 365 நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். அது 395 வகை, விலை குறைவு, பூச்சியும் குறைவு. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. மங்கலாகத் தெரிகிறதே என்று உற்றுப் பார்ப்பதும் தவறு, கண்ணைக் கெடுக்கும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

குழலை நிறுத்தி அதைச் சுற்றி மூன்று ஒளிபுகும் தகடுகள், கீழே புனல், புனலுக்குக் கீழே மூடியுள்ள வாளி, வாளிக்குள் முட்டை அட்டைகள். பறந்து வரும் பூச்சி தகட்டில் மோதிப் புனல் வழியாக உள்ளே விழும், அட்டையின் குழியில் ஒண்டிக்கொண்டு விடியும்வரை தூங்கும். கொல்லும் மருந்து எதுவும் இல்லை. காலையில் அட்டையை ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணிப் படமெடுத்துவிட்டு விட்டுவிடலாம். ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கூட வேலை முடிந்து வரும் வழியில் இதைச் செய்ய முடிகிறது. வேட்டி கட்டி விழித்திருக்க முடியாத குழுவுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத இரண்டு தொல்லைகள் நமக்கு உண்டு. ஒன்று எறும்பு. இரவோடு இரவாக வாளிக்குள் இறங்கி, காலையில் வெறும் இறக்கைகளை மட்டும் மிச்சம் வைத்திருக்கும். இதற்கு வழி சொன்னது எங்கள் தெருப் பாட்டி ஒருவர். லயத்து வீட்டில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பார்களே, அதையே செய்யச் சொன்னார். “எறும்புக்குத் தண்ணியக் காட்டுங்க தம்பி, வேற எதுக்கும் பயப்படாது.” செங்கல் மேல் வாளி, செங்கல்லைச் சுற்றித் தட்டில் சவர்க்காரத் தண்ணீர். அதன் பிறகு எறும்பு ஏறவில்லை. அந்தப் பாட்டி இளம் வயதில் விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டப் போனவர். எந்தப் பூச்சி எந்த மாதத்தில் முகத்தில் வந்து மோதும் என்று எங்களில் யாரையும்விட நன்றாகச் சொல்வார்.

இரண்டாவது சார்லி. ஆரஞ்சும் கருப்புமாக, எறும்பு போலவே இருக்கும் சின்ன வண்டு, வெளிச்சத்துக்கு வரும். கடிக்காது, கொட்டாது, உடம்பில் உட்கார்ந்ததை நசுக்கினால்தான் வினை. அதன் உடலில் இருக்கும் நஞ்சு தோலில் பட்டு, ஓரிரு நாள் கழித்துத் தீக்காயம் போலக் கொப்பளம் போடும். ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கழுவாத கையால் கண்ணைத் தொடாதீர்கள். பிள்ளைகள் வரும் இரவுகளில் முழுக்கைச் சட்டை கட்டாயம் என்று வைத்திருக்கிறோம்.

எல்.இ.டி. பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னர் பிரேம், பவர்பேங்கில் எரியும் லெப்பிலெட் என்ற விளக்கை உருவாக்கி 2017-இல் அதைப் பற்றி எழுதினார். மின்சாரம் இல்லாத இடத்துக்கு அதுபோன்ற விளக்கே சரி. எங்களிடம் இருப்பது உள்ளூரில் கோத்தது. தோட்டத்து ஓரத்தில் வைக்கும்போது மட்டும் எடுத்துப் போகிறோம், அதுவும் நிர்வாகத்திடம் கேட்டு, காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் சொல்லிவிட்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு. செம்பனைக்குள் எலி உண்டு, எலி இருந்தால் நாகமும் உண்டு.

சின்ன விளக்கு போதுமா என்ற கேள்வி டீச்சருக்கும் இருந்தது. அவர் தேடிப் படித்து எங்களுக்குச் சொன்னது என் எண்ணத்தையே மாற்றியது. பூச்சி விளக்கை நோக்கி ஆசையாகப் பறந்து வருவதில்லை. எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகை அந்தப் பக்கம் திருப்பிப் பறக்கிறது; விளக்கு பக்கவாட்டில் இருந்தால் அதைச் சுற்றிச் சுற்றியே மாட்டிக்கொள்கிறது. அதிவேகக் கேமராவில் எடுத்துப் பார்த்து 2024-இல் வெளியான ஆய்வு இது. சின்ன விளக்கு சில பத்து மீட்டருக்குள் இருப்பதைத்தான் பிடிக்கும் என்று வேறு ஆய்வுகளும் சொல்கின்றன. ஆக, எங்கள் வாளியில் விழுவது பெரும்பாலும் எங்கள் வாசலிலும் அக்கம்பக்கத்திலும் வாழ்வது.

இது தெரிந்த பிறகு அட்டையைத் திருப்பும் ஒவ்வொரு காலையும் வேறு மாதிரி ஆகிவிட்டது. பழுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டை போட்ட சின்னப் பூச்சி, ஸ்போலாடியா ரெகுர்வாலிஸ், நிறைய வந்தால் யாரோ வீட்டில் கீரைப் பாத்தி இருக்கிறது என்று அர்த்தம்; அதன் புழு கீரை இலையை மடித்து உள்ளே இருந்து தின்னும். டயஃபேனியா இண்டிகாவை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். முத்துச்சிப்பி நிறத்தில் பளபளக்கும் இறக்கை, சுற்றிலும் கறுப்புக் கரை, வால் நுனியில் மஞ்சள் பழுப்பு மயிர்க்குஞ்சம். உட்கார்ந்த இடத்தில் அந்தக் குஞ்சத்தைப் பூப்போல விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கும். பாகல், பீர்க்கு, வெள்ளரி வைத்திருப்பவர்களுக்கு அதன் பச்சைப் புழு நன்றாகவே தெரியும். கோயில் வாசலில் நந்தியாவட்டையும் அரளியும் இருப்பதால் டாஃப்னிஸ் நெரியை என்ற பருந்து அந்துப்பூச்சி வருகிறது, பாசிப்பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த இறக்கையோடு. பூ கட்ட வருபவர்கள் அதன் தடித்த புழுவைப் பார்த்துப் பயந்து மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். இறக்கை வந்த பிறகு எப்படி இருக்கும் என்று படத்தைக் காட்டினோம், இப்போது சில செடிகளை அப்படியே விட்டுவைக்கிறார்கள். எங்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

செம்பனையின் பங்கும் வாளியில் தெரியும். முட்புழுவாக மட்டையைத் தின்னும் செட்டோரா நிட்டென்ஸ் கட்டையான பழுப்புப் பூச்சியாக வந்து விழும். தானே கட்டிய கூட்டைச் சுமந்து திரியும் புழுவான மெட்டிசா பிளானா அதிகமானால் தோட்டமே காய்ந்து நிற்கும், ஆனால் அதன் பெண் பூச்சிக்கு இறக்கையே இல்லை. கூட்டை விட்டு வெளியே வராது. அதை ஒளிப்பொறியில் தேடிப் பயனில்லை. தோட்டங்களின் ஓரத்தில் மஞ்சளாகப் பூத்திருக்கும் தர்னேரா செடி அழகுக்காக நட்டதில்லை, இந்தப் புழுக்களைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் தருவதற்காக நட்டது.

பெயர் கண்டுபிடிப்பது நீண்ட வேலை. பூச்சியியலாளர் ஜெரமி ஹாலோவே போர்னியோ அந்துப்பூச்சிகளைப் பற்றி 1983 தொடங்கி 2011 வரை 18 பகுதிகளாக எழுதியது இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது; தீபகற்பத்தில் இருக்கும் நமக்கும் பெரும்பாலும் கைகொடுக்கும். படத்தை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுச் செயலியில் ஏற்றுகிறோம், ஆனால் அது சொன்ன பெயரை அப்படியே எழுதுவதில்லை. சில இனங்களை உள்ளுறுப்பைப் பார்க்காமல் பிரிக்கவே முடியாது. அங்கே பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம், இறக்கையின் அடிப்புறம் தெரிய ஒரு படம். இது போதும்.

நோட்டில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் விளக்கைவிட முக்கியம். பொறி வைத்த மாலையின் தேதி, அடுத்த நாள் காலையின் தேதி இல்லை. ஏற்றிய நேரம், அணைத்த நேரம், நிலா, மழை, எந்த விளக்கு, எந்த இடம். பூச்சியே விழாத இரவுக்கும் ஒரு வரி. புதிதாகச் சேருபவர்கள் வெற்று இரவை எழுதத் தயங்குவார்கள். பௌர்ணமி இரவில் வாளி காலியாக இருப்பதும் தகவல்தான், தொடர்ந்து பல வாரம் காலியாக இருந்தால் அது பெரிய தகவல்.

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையம் 1960களிலிருந்து நாடு முழுக்க ஒளிப்பொறிகளை நடத்துகிறது. எல்லாவற்றிலும் பழைய 200 வாட் குண்டு பல்பு. அதைவிட நல்ல விளக்குகள் வந்த பிறகும் மாற்றவில்லை, மாற்றினால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட முடியாது. நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கினபாலு மலையில் 1965-இல் ஒரு குழு ஒளிப்பொறி வைத்து அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்தது. 42 ஆண்டுகள் கழித்து 2007-இல் அதே இடங்களில் மறுபடி வைத்துப் பார்த்தார்கள். பூச்சிகள் சராசரியாக 67 மீட்டர் மேலே ஏறியிருந்தன. மலை சூடாகிறது என்பதைப் பூச்சியே சொன்னது, 1965-இல் இடத்தையும் உயரத்தையும் ஒழுங்காக எழுதி வைத்ததால்.

எங்கள் பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கி, பேராக்கின் நிலம் முதலில் ரப்பராகி, பிறகு செம்பனையாகியிருக்கிறது. ரப்பர் போனபோது அதோடு எந்தப் பூச்சி போனது? எழுதி வைத்தவர் யாராவது உண்டா என்று நாங்கள் கேட்ட தோட்டங்கள் எதிலும் ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. பாட்டி நினைவில் இருப்பதை மாணவிகள் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

விடுவிக்கும்போது கவனம் வேண்டும். வாளி திறக்கும் நேரம் மைனாவுக்கும் முராய்க்கும் தெரிந்துவிடும், மதில்மேல் வந்து காத்திருக்கும். அடர்ந்த செடிக்குள் அட்டையைச் சாய்த்து வையுங்கள், திறந்த புல்லில் உதறாதீர்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரவுகள் வைக்கவும் வேண்டாம்.

தாமானை ஒட்டிய செம்பனைத் துண்டில் மரங்களுக்கு இருபத்தைந்து வயது நெருங்கிவிட்டது. மறுநடவுக்கு வெட்டப் போகிறார்கள் என்று தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னார். அதன் ஓரத்தில் இரண்டாவது வாளி வைக்க நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்து அனுமதியும் வாங்கிவிட்டோம். அங்கே கரண்ட் இல்லை என்பதால் இந்த ஒரு வாளிக்கு எல்.இ.டி.தான், வெட்டும்போதும் புதுக் கன்று நட்ட பிறகும் அதே விளக்கு, அதே இடம். வாளி தயார், புனல் இன்னும் ஒட்ட வேண்டும். பக்கத்து ஊர்களில் யாராவது தொடங்குவதாக இருந்தால் வயரிங் செய்து தர நான் வருகிறேன், குழலும் வாளியும் மட்டும் வாங்கி வையுங்கள்.