கேட்டலிஸ்ட் 9300: இரண்டாவது பவர் சப்ளை எதற்கு?

சிஸ்கோ 2017இல் அறிமுகப்படுத்திய கேட்டலிஸ்ட் 9300 வரிசையில், 48 போர்ட் பிஓஇ பிளஸ் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிகளுக்கு மின்சாரமும் தரும்) வலையமைப்புச் சுவிட்சுகள் நான்கை எங்கள் அலுவலகத்தில் ஒரே ஸ்டேக்காக, அதாவது ஒன்றாக இணைத்து ஒரே சுவிட்சைப் போல, பயன்படுத்தி வருகிறோம். ஏதேனும் ஒரு பாகம் பழுதானாலும் வலையமைப்பு நிற்கக் கூடாது என்பதற்காகவே இவற்றை வாங்கினோம்; ஆகவே வேகத்தை விட்டுவிட்டு அதை மட்டுமே மதிப்பிடுகிறேன்.

ஒவ்வொரு சுவிட்சிலும் இரண்டு பவர் சப்ளைகளும் மூன்று மின்விசிறிகளும் பொருத்தலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றவும் முடியும். இரண்டாவது சப்ளையைச் செருகியதும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 715 வாட் சப்ளை ஒன்று மட்டும் இருந்தால், சுவிட்சின் சொந்தத் தேவை போக, இந்த மாடலில் பிஓஇக்குக் கிடைப்பது 437 வாட். இரண்டாவது சேர்ந்ததும் இருப்பு ஏறக்குறைய 1,150 வாட்டாக உயர்வதைத் திரையில் பார்த்துவிட்டு, கேமராக்களையும் வைஃபை ஆக்சஸ் பாயிண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து 600 வாட்டைத் தாண்டினால், மாற்றாக வாங்கிய சப்ளை அன்றாடத் தேவையாகிவிடுகிறது. அதன் பின் ஒன்று பழுதாகும்போது, முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளில் உள்ள கருவிகள் அணைந்துவிடும். எங்களுக்கு நேர்ந்ததும் அதுவே. பிழை சுவிட்சில் இல்லை, எங்கள் கணக்கில் இருந்தது.

அப்போது நாங்கள் ஸ்டேக்பவர் கேபிள்களை இணைத்திருக்கவில்லை. நான்கு சுவிட்சுகள் வரை வளையமாக இணைத்து மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளச் செய்யும் இந்த ஏற்பாடுதான், என் பார்வையில், இவ்வரிசையின் சிறந்த அம்சம். ஆனால் இயல்பு அமைப்பில் அது எல்லாவற்றையும் பொதுவில் பகிர்ந்துகொள்ளுமே தவிர, எதையும் ஒதுக்கி வைப்பதில்லை. ரிடண்டன்ட் முறைக்கு நாமே மாற்றினால்தான், இருப்பவற்றுள் மிகப் பெரிய சப்ளையின் திறனைத் தனியே எடுத்து வைக்கும். விலை குறைவு என்று 9300எல் வாங்க எண்ணுபவர்கள், அதில் ஸ்டேக்பவர் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தரவு இணைப்பில் எட்டு சுவிட்சுகள் வரை சேர்க்கலாம். ஸ்டேக்கை நடத்தும் ஆக்டிவ் சுவிட்ச் நின்றால், தயாராக இருக்கும் ஸ்டேண்ட்பை சுவிட்ச் பொறுப்பேற்கும். ஸ்டேக்கை முதன்மை வலையமைப்போடு இணைக்கும் இரண்டு அப்லிங்க்குகளையும் ஒரே சுவிட்சில் வைக்காமல் இரண்டில் பிரித்து வைத்தால்தான் இதனால் பயன். குறை என்று சொல்வதானால், முழு ஸ்டேக்கும் ஒரே மென்பொருளில் இயங்குவதால், வழக்கமான முறையில் அதைப் புதுப்பிக்கும்போது எல்லாச் சுவிட்சுகளும் சேர்ந்தே மறுதொடக்கம் ஆகின்றன. பராமரிப்புக்கு நேரம் கேட்டு நிர்வாகத்திடம் நிற்கும் வேலை, எத்தனை உதிரி பாகம் வாங்கினாலும் தீராது.

இன்னொன்று, விற்பனையாளர் யாரும் சொல்லாதது: எங்கள் ரேக்கில் ஆரம்பத்தில் இரண்டு சப்ளைகளின் வயர்களும் ஒரே யூபிஎஸ்ஸுக்குத்தான் சென்றன; அது நின்றால் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். இப்போது இடப்பக்கச் சப்ளைகள் ஒரு யூபிஎஸ்ஸிலும் வலப்பக்கத்தவை வேறொன்றிலும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை, அலுவலகம் முடிந்த பின், ஒரு பக்கத்தை அணைத்துப் பார்க்கிறோம்.