ஏலம் எடுத்தவர் ஏமாற்றினால்? விற்பவருக்கு எந்த வழி காப்பு

இணைய ஏலம் என்றாலே ஏமாறுகிறவர் வாங்குபவர்தான் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சட்டமும் ஏறக்குறைய அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குவாஹாத்தியில் இருக்கும் ஒருவர் வேலூர் வியாபாரி மீது தன் ஊர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதே குவாஹாத்திக்காரர் சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தை விழுங்கிவிட்டால், வேலூர்க்காரருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறக்காது. பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக் குற்றத்துக்கான 318-ஆவது பிரிவைச் சொல்லிக் காவல் நிலையம் போகலாம். இல்லாவிட்டால் சிவில் நீதிமன்றம். நாலாயிரம் ரூபாய்ச் சரக்குக்காக எந்த வியாபாரி கடையைப் பூட்டிவிட்டு அலைவார்?

பொய்கை போன்ற மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை படிந்ததும் அச்சாரம் கைமாறும். அச்சாரம் கொடுக்காதவரை யாரும் வாங்க வந்தவராகவே எண்ணுவதில்லை. இணைய ஏலத்தில் காணாமல் போனது அந்த ஒரு படிதான். அதன் இடத்தை நிரப்ப இன்று நாலு வழிகள் போட்டி போடுகின்றன: தபால்காரர் கையில் பணம், முன்கூட்டியே யு.பி.ஐ., பெரிய ஏலத் தளங்களின் காப்புறுதி, நடுவில் நிற்கும் மூன்றாம் ஆள்.

ஒப்பிடுவதற்கு நாணயத்தை எடுத்துக்கொள்கிறேன். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விற்பவர்களிடம் பழைய நாணயம், தபால்தலை, கேமரா, தோல் சரக்கு என்று பலதும் உண்டு. ஆனால் மோசடிக்காரருக்கு நாணயத்தைப் போல வசதியான பொருள் வேறில்லை. சிறியது, கனமில்லாதது, மாற்றி வைத்தால் கண்டுபிடிப்பது கடினம். 1939-ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் அரிதானது. அதனாலேயே அதற்குப் போலிகள் ஏராளம். அசலை வாங்கிக்கொண்டு போலியைத் திருப்பி அனுப்பும் வித்தை இந்த ஒரு ரூபாயைச் சுற்றியே நன்றாக நடக்கும்.

இடையில் ஒன்று. நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலும் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் அடித்த ஆற்காடு ரூபாய், நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரைச் சுமந்திருந்தாலும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தனியார் யாரும் அனுப்பக் கூடாது. உள்நாட்டில் அதை விற்பதைத் தொழிலாகச் செய்யவும் உரிமம் வேண்டும். இதை மீறியவர் மோசடிக்கு ஆளானால் புகார் கொடுக்கவும் வாய் இருக்காது. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்கிற மோசடிக்காரர்களும் உண்டு.

வி.பி.பி.யும் கூரியர் கையில் பணமும்

பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைத் தபால்காரர் ஒப்படைக்கும் வி.பி.பி. முறை இந்தியத் தபால் துறையில் 1877-இல் வந்தது. பஞ்சாங்கமும் புத்தகமும் சித்த மருந்தும் ஒரு நூற்றாண்டாக இப்படித்தான் விற்றன. பணம் கொடுத்தால்தான் பார்சல், பிரித்துப் பார்ப்பது பிறகு. பொய்யான பணப் பரிமாற்றப் படம், வங்கி முடக்கம், கார்டு தகராறு எதுவும் இங்கே நுழைய முடியாது. அந்த வகையில் மற்ற மூன்று வழிகளையும்விட இது சுத்தம்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஏலத்தில் உணர்ச்சிவசப்பட்டுத் தொகையை ஏற்றிவிட்டவர், பார்சல் வரும்போது ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு ஒரு பைசா நட்டமில்லை. அனுப்பிய செலவு விற்பவர் தலையில். தனியார் கூரியரானால் பெரும்பாலும் திரும்பி வருகிற செலவும் சேர்த்து. அதற்குள் இரண்டாவதாகக் கேட்டவர் வேறு எங்காவது வாங்கியிருப்பார். வேண்டுமென்றே இதைச் செய்யும் போட்டி வியாபாரிகளும் இருக்கிறார்கள் என்பது இணைய ஏலக் குழுக்களில் பழைய குற்றச்சாட்டு. ஐநூறு, ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு, தபால் செலவை மட்டும் முன்பணமாக வாங்கிக்கொண்டு வி.பி.பி. அனுப்புவது நல்ல ஏற்பாடு. அந்தச் சின்னத் தொகையைக் கட்டத் தயங்குகிறவர் பெரிய தொகையைக் கட்டப்போவதில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

முன்பணம், யு.பி.ஐ.

இன்று வாட்ஸாப், ஃபேஸ்புக் குழு ஏலங்களில் இதுதான் பெருவழக்கு. இ-பே நிறுவனம் 2004-இல் பாஸீ தளத்தை வாங்கி இந்தியாவில் கடை விரித்தது. 2018-இல் அந்த இந்தியத் தளம் மூடப்பட்டது. அதில் பைசாபே என்ற ஏற்பாடு இருந்தது. வாங்குபவர் கட்டிய பணம் பொருள் போய்ச் சேரும்வரை தளத்தின் கையில் இருக்கும். அது போன பிறகு சின்ன விற்பனையாளர்கள் நேரே வங்கிக் கணக்குக்கும் யு.பி.ஐ.க்கும் வந்துவிட்டார்கள்.

பணம் முதலில் வருகிறது, பொருள் பிறகு போகிறது. இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும் என்று தோன்றும். மூன்று மோசடிகள் இதையும் உடைக்கின்றன. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: ‘அனுப்பிவிட்டேன்’ என்று பச்சை டிக் போட்ட ஸ்கிரீன்ஷாட். இது போன்ற படத்தைத் தயாரிக்கவென்றே போலிச் செயலிகள் இருக்கின்றன. குறுஞ்செய்தியையும் நம்பக் கூடாது. அதையும் வங்கி அனுப்பியது போலவே எழுதி அனுப்புகிறார்கள். வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்ப்பது ஒன்றே வழி. பணம் பெறுவதற்குப் பின் எண்ணும் வேண்டாம், க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். ‘ஸ்கேன் செய்யுங்கள், பணம் வரும்’ என்று சொல்கிறவருடன் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை 2025 அக்டோபரிலிருந்து நிறுத்தியதால் அந்த வழியிலான ஏமாற்று குறைய வழி பிறந்தது. க்யூ.ஆர். ஏமாற்று அப்படியேதான் இருக்கிறது.

இரண்டாவது, ‘தவறிப்போய் ஒரு சைபர் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியை இந்த எண்ணுக்குப் போடுங்கள்’ என்பது. பெரும்பாலும் கூடுதல் பணம் வந்தே இருக்காது. வந்திருந்தால் அது இன்னும் ஆபத்து. ஏன் என்பது மூன்றாவது மோசடியில் இருக்கிறது. பலருக்கு இது புரிவதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

மோசடிக்காரர் உங்களிடம் பன்னிரண்டாயிரத்துக்கு ஏலம் எடுக்கிறார். உங்கள் யு.பி.ஐ. முகவரியை வாங்கிக்கொள்கிறார். வேறொரு மாநிலத்தில் யாரோ ஒருவருக்கு மலிவு விலையில் செல்போன் தருவதாகச் சொல்லி, உங்கள் முகவரிக்குப் பன்னிரண்டாயிரம் போடச் சொல்கிறார். உங்கள் கணக்கில் உண்மையான பணம் உண்மையாகவே வந்து விழுகிறது. நீங்கள் நாணயத்தை அனுப்புகிறீர்கள். செல்போன் வராதவர் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்கிறார். பணம் போன தடத்தைப் பிடித்து வரும் போலீஸ் கடைசியில் நிற்பது உங்கள் கணக்கில். அந்தத் தொகை முடக்கப்படுகிறது. சில நேரம் முழுக் கணக்குமே. வங்கி மேலாளரிடம் கேட்டால், அந்த மாநில சைபர் காவல் நிலையத்தின் மின்னஞ்சல் முகவரி ஒன்றை எழுதிக் கொடுப்பார். குற்றத்தோடு தொடர்புள்ளதாகச் சந்தேகிக்கப்படும் சொத்தைப் பிடித்துவைக்கும் அதிகாரம் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் இருக்கிறது. உங்கள் மேல் குற்றம் இல்லை என்று நிரூபிக்கிற வேலை மட்டும் உங்களுக்கு.

இதற்கு மருந்து ஒன்றுதான். பணம் யார் பெயரிலிருந்து வருகிறதோ அவர் பெயருக்கே பார்சல் போக வேண்டும். ‘மச்சான் கணக்கிலிருந்து போடுகிறேன், பார்சல் எனக்கு அனுப்புங்கள்’ என்றால் பணத்தைத் தொடாமல் வங்கி வழியாகவே வந்த கணக்குக்குத் திருப்பக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். ஏலம் எடுத்தவரின் குழுச் செய்தி, தொலைபேசி எண், பணம் வந்த பெயர், ஸ்பீடு போஸ்ட் ரசீது நான்கும் ஒரே ஆளைக் காட்டினால், முடக்கம் வந்தாலும் பதில் சொல்ல கையில் தாள் இருக்கும்.

பெரிய தளங்களின் காப்புறுதி

வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கு இது ஒன்றே நடைமுறை வழி. இ-பேயின் வெளிநாட்டுத் தளத்தில் பணம் கட்டாத ஏலதாரரை நான்கு நாள் கழித்து ரத்து செய்யலாம். அவர் கணக்கில் அது பதிவாகும். அப்படிப் பதிவானவர்கள் நம் பொருளை ஏலம் கேட்கவே முடியாதபடி முன்கூட்டியே தடுக்கவும் முடியும். கூட்டாளியை வைத்து உச்ச விலை கேட்கவைத்து, மற்றவர்களை விரட்டிவிட்டு, கடைசி நிமிடத்தில் அந்தத் தொகையை விலக்கிக்கொண்டு குறைந்த விலைக்குப் பொருளைத் தட்டிச்செல்லும் பழைய தந்திரத்துக்கும் அங்கே கடிவாளம் உண்டு: முடிவுக்கு 12 மணி நேரத்துக்குள் கேட்ட தொகையை, கேட்ட ஒரு மணி நேரத்துக்குள்தான் விலக்கிக்கொள்ளலாம். வாட்ஸாப் குழுவில் செய்தியை அழித்துவிட்டு வெளியேறினால் கேட்க நாதி இல்லை. இந்த இடத்தில் தளம் குழுவைவிடப் பல மடங்கு மேல்.

ஆனால் பொருள் கைமாறிய பிறகு தராசு மறுபக்கம் சாய்கிறது. 2008 முதல் இ-பேயில் விற்பவர் வாங்குபவரைப் பற்றி எதிர்மறைக் கருத்து எழுதவே முடியாது. ‘சொன்னபடி இல்லை’ என்று வாங்குபவர் சொல்ல 30 நாள். பேபால் வழியாகப் பணம் வந்தால் தகராறு எழுப்ப 180 நாள். பேபாலின் விற்பனையாளர் காப்பு, ‘பொருள் வரவில்லை’ என்ற புகாருக்கும் அனுமதியில்லாத பரிமாற்றத்துக்கும்தான். பொருள் வேறு மாதிரி இருக்கிறது என்ற புகாருக்கு அது பொருந்தாது. நாணய விற்பனையாளருக்கு உண்மையில் வலிப்பது அந்தப் புகார்தான். 750 டாலருக்கு மேல் என்றால் கையெழுத்து பெற்ற விநியோகச் சான்று வேண்டும், பரிமாற்றத்தில் உள்ள முகவரிக்கே அனுப்பியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. 2021 ஏப்ரலிலிருந்து பேபால் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டதால், சேலத்து வாடிக்கையாளருக்கு விற்க அது உதவாது.

நடுவில் ஒருவர்

குழு நிர்வாகியிடம் பணம், விற்பவரிடம் பொருள். பொருள் போய்ச் சேர்ந்ததும் நிர்வாகி பணத்தை விடுவிப்பார். நிர்வாகி நல்லவராக இருக்கும்வரை பிரமாதமான ஏற்பாடு. அவர் கையில் பலருடைய பணம் சேரச் சேர, அவரே தலைமறைவாகும் சாத்தியமும் வளர்கிறது. ஏலச்சீட்டு நடத்தியவர் ஓடிப்போன கதை தெரியாத தெரு நம் ஊரில் கிடையாது.

பெங்களூரு, மும்பையில் உரிமம் பெற்று நடக்கும் நாணய ஏல நிறுவனங்கள் வேறு ரகம். நேரில் கொண்டுபோய் ஒப்படைத்தால் சோதித்து, விவரம் எழுதி, படம் எடுத்து அவர்களே ஏலம் விடுகிறார்கள். வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் அது முதலில் அவர்கள் பிரச்சினை. போலி என்ற புகார் வந்தால் அவர்களுடைய சோதனை அறிக்கை முன்னால் நிற்கும். கமிஷன் கொடுக்க வேண்டும், அடுத்த ஏலத் தேதிவரை காத்திருக்கவும் வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறினால் பெங்களூரு தூரமே இல்லை. விலையுயர்ந்த ஒற்றை நாணயத்துக்கு இதைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடுத்தர விலைக்கு, அதாவது இரண்டாயிரத்திலிருந்து இருபதாயிரம்வரை, பெயர் பொருந்தும் யு.பி.ஐ. முன்பணமே மேல் என்பது என் கணக்கு. ஆனால் அது பணத்தை மட்டும் காக்கும். நாணயத்தை மாற்றி வைத்துத் திருப்பி அனுப்புகிறவருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஆறாம் ஜார்ஜ் ரூபாயின் எடை 11.66 கிராம். அனுப்பும் முன் எடைக்கருவியில் வைத்து எண் தெரியும்படி ஒரு படம்; இரு பக்கமும் விளிம்பும் நெருக்கத்தில் ஒவ்வொன்று. எந்தக் கீறல் ராஜாவின் காதுக்கு அருகில் இருக்கிறது, எந்த இடத்தில் விளிம்புக் கோடு தேய்ந்திருக்கிறது என்பது அதில் தெரிய வேண்டும். பிறகு கவரில் போட்டு ஒட்டுவதுவரை வெட்டில்லாத ஒரே வீடியோ. வேலூர் தலைமைத் தபால் நிலையத்தில் கொடுக்கும் ஸ்பீடு போஸ்ட் ரசீதிலும் பார்சலின் எடை அச்சாகும். ‘காலிக் கவர் வந்தது’ என்கிறவருக்கு அந்த எண் ஒன்றே பதில். 2025 முதல் சிறு கட்டணம் சேர்த்தால் பெறுபவர் ஓ.டி.பி. சொன்னால்தான் ஒப்படைக்கும் வசதியும் வந்திருக்கிறது. ‘எனக்கு வரவில்லை, காவலாளி வாங்கியிருப்பார்’ என்ற பேச்சு அதோடு முடியும்.

ஆம்பூரிலிருந்து ஏற்றுமதியில் மிஞ்சிய ஷூக்களை ஏலம் விடுபவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவருடைய தலைவலி போலி அல்ல, போட்டுப் பார்த்துத் திருப்புகிறவர். முகூர்த்தத்துக்கு அணிந்துவிட்டு மறுநாள் ‘அளவு சரியில்லை’ என்று அனுப்புவார்கள். அங்கே யு.பி.ஐ.யைவிட வி.பி.பி. நன்றாக வேலை செய்யும். அதோடு இரண்டு ஷூவின் துளைகளையும் சேர்த்துக் கட்டிய, அறுக்காமல் அணிய முடியாத பிளாஸ்டிக் டேக் ஒன்றும், டேக் அறுந்திருந்தால் பணம் திரும்பாது என்று ஏல அறிவிப்பிலேயே ஒரு வரியும் போதும்.