ஏர் ஃபோர்க்: முதலில் எண்ணெய், அப்புறம்தான் கிளிக்

என் மலை சைக்கிளில் இருப்பது 140 மில்லிமீட்டர் அமுங்கும் ஏர் ஃபோர்க், அதாவது கம்பிச்சுருளுக்குப் பதில் காற்று தாங்கும் முன்பக்க சஸ்பென்ஷன். 35 மில்லிமீட்டர் குழாய்கள், இடது காலில் காற்று, வலது காலில் அசைவின் வேகத்தை எண்ணெயால் அடக்கும் டேம்பர். சில வருடங்களாக இதே ஃபோர்க்கை ஓட்டுகிறேன். புதிதில் எழுத உட்கார்ந்திருந்தால் ரீபவுண்ட் (அமுங்கிய ஃபோர்க் எழும் வேகம்) திருகு எத்தனை கிளிக், கம்ப்ரெஷன் (அமுங்கும்போது தரும் தடை) திருகு எத்தனை கிளிக் என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது என் எண்ணம் வேறு. ஃபோர்க் முரடாகிவிட்டது என்று திருகுகளைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது கீழ்க்கால்களில் கொஞ்சம் புது எண்ணெய்.

கீழ்க்கால்களுக்குள், அதாவது லோயரில், இருக்கும் எண்ணெய் மிகக் குறைவு. பல ஃபோர்க்குகளில் ஒரு காலுக்குச் சில மில்லிலிட்டர்தான். குழாய் வழுக்கி ஓட உள்ளே இருக்கும் புஷ் வளையங்களையும், தூசியைத் தடுக்கும் வைப்பர் சீலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஃபோம் ரிங்கையும் நனைத்து வைப்பது அந்த எண்ணெய்தான். சீல் என்னதான் இறுக்கமாக இருந்தாலும் நுண்தூசி உள்ளே போகும், எண்ணெய் அழுக்காகும், ஃபோம் காயும். இதெல்லாம் மெதுவாக நடப்பதால் ஓட்டுகிறவருக்குத் தெரிவதே இல்லை. சின்னக் கற்களில் கை அதிர ஆரம்பித்ததும் காற்றைக் கொஞ்சம் குறைப்பார். காற்று குறைந்ததும் பிரேக் பிடித்தால் முன்பக்கம் பொத்தென்று இறங்கும். அதைத் தடுக்க கம்ப்ரெஷனைக் கூட்டுவார். மறுபடி கை அதிரும். இந்த வட்டத்தில் சுற்றுகிறவர் வைத்திருக்கும் எந்த செட்டிங்கையும் நம்ப முடியாது.

உராய்வு ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஹேண்டில்பாரை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்த ஆரம்பித்ததுமே வழுக்கிக்கொண்டு இறங்கினால் நல்லது. கொஞ்ச நேரம் அடம்பிடித்துவிட்டு டக்கென்று இறங்கினால் உள்ளே காய்ந்திருக்கிறது. இன்னொரு அடையாளம், சேக் அளவு நிலையாக இருக்காது. சேக் என்றால் ஏறி நின்றதும் நம் எடைக்கு ஃபோர்க் இறங்கும் அளவு. அடுத்தடுத்து இரண்டு முறை அளந்து இரண்டு வெவ்வேறு எண் வந்தால், காற்றில் கை வைக்கும் முன் லோயரைக் கழற்றிவிடலாம்.

எப்போது கழற்றுவது? ராக்‌ஷாக்ஸ் லோயர் சர்வீஸுக்கு 50 மணி நேரம் என்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்கிறது. இரண்டுமே ஓட்டிய நேரக் கணக்கு. எனக்கு 50 மணி சரியாகப் படுகிறது. சேற்றில் ஓட்டினால் அதற்கும் முன்பே. லோயர் வேலையை வீட்டிலேயே செய்கிறேன். டேம்பரைத் திறப்பதைப் பட்டறைக்கு விட்டுவிட்டேன். அதில் காற்றுக்குமிழி இல்லாமல் எண்ணெய் ஏற்றத் தனிக் கருவிகள் வேண்டும், எனக்கு அதில் ஆசையும் இல்லை.

லோயர் வேலையில் மீறவே கூடாத விதி ஒன்றுதான்: போல்ட்டைத் தொடும் முன் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். அப்புறம் அடியில் உள்ள இரண்டு போல்ட்டையும் சில சுற்று மட்டும் தளர்த்தி, ஆலன் கீயை உள்ளேயே வைத்து, பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே இருக்கும் தண்டு விடுபட்டதும் போல்ட்டை எடுத்துவிட்டு லோயரை உருவலாம். வழியும் எண்ணெய் பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சக்கரத்தையும் காலிப்பரையும் முதலிலேயே கழற்றி ஓரம் வைத்துவிடுவேன்.

வெளியே வரும் எண்ணெயைக் கொட்டுவதற்கு முன் பாருங்கள், நிறைய சொல்லும். பழுப்பாக, கொஞ்சம் கலங்கி வந்தால் சாதாரணம். கறுத்து, வெளிச்சத்தில் பளபளக்கும் துகளோடு வந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. டேம்பர் பக்கத்தில் நாம் ஊற்றியதைவிட அதிகமாக எண்ணெய் வந்தால் டேம்பரின் சீல் கசிகிறது, பட்டறைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. மணிக்கணக்கைவிட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன்.

மற்றபடி ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைப்பது, ஃபோம் ரிங்கை எண்ணெயில் ஊறவைப்பது, சீலின் உள்விளிம்பில் மெலிதாக சஸ்பென்ஷன் கிரீஸ் தடவுவது, கையேடு சொல்லும் அளவு எண்ணெயை சிரிஞ்சால் ஏற்றுவது, டார்க் ரெஞ்சால் முடுக்குவது. கஷ்டமில்லை. லோயரை மறுபடி ஏற்றும்போது சீலின் விளிம்பு மடியாமல் இருக்க மட்டும் பொறுமை வேண்டும்.

சர்வீஸ் முடிந்ததும் பழைய காற்றழுத்தம் பொருந்தாது. உராய்வு தாங்கிக்கொண்டிருந்த பங்கு போய்விட்டதால் அதே அழுத்தத்தில் ஃபோர்க் கூடுதலாக இறங்கும். இங்கேதான் உண்மையான ட்யூனிங் ஆரம்பம். ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாம் மாட்டிக்கொண்டு பெடலில் நின்ற நிலையில் 20 சதவீத சேக் வைக்கிறேன். 140-க்கு அது 28 மில்லிமீட்டர். காற்றடிக்கும்போது இடையிடையே ஃபோர்க்கை மெதுவாகச் சில முறை அமுக்கி விட வேண்டும். அப்போதுதான் பிஸ்டனின் இரு பக்க அறைகளிலும் அழுத்தம் சமமாகும். பம்ப்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தம் பெரும்பாலும் குழாயில் நின்ற காற்று. மறுபடி மாட்டினால் எண் குறைந்து தெரியும், ஏனென்றால் குழாயை நிரப்பக் கொஞ்சம் காற்று போகிறது. இதைக் கசிவு என்று நினைத்து பலர் குழம்புகிறார்கள்.

குளிருக்கும் கணக்கு உண்டு. 30 டிகிரியில் 80 பிஎஸ்ஐ வைத்துவிட்டு 10 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ இறங்கும். ஓட்டப்போகும் இடத்தில் வைத்துப் பார்ப்பதே மேல்.

ரீபவுண்டில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே நாளானது. ரீபவுண்ட் மிக மெதுவாக இருந்தால் முதல் மேட்டில் அமுங்கிய ஃபோர்க் முழுதாக எழும் முன்பே அடுத்த மேடு வந்துவிடும். வேர்கள் வரிசையாக வரும் இடத்தில் படிப்படியாகக் கீழேயே தங்கி, கடைசியில் அசையவே மறுக்கும். கைக்கு அது 'கடினமான ஃபோர்க்' போலத்தான் தெரியும். மருந்தோ ரீபவுண்டைத் திறப்பது, அதாவது எழும் வேகத்தைக் கூட்டுவது. காற்றைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். முதல் அடியே வலித்தால் காற்றோ கம்ப்ரெஷனோ அதிகம். மூன்றாவது நான்காவது அடியிலிருந்து வலித்தால் ரீபவுண்டைப் பாருங்கள். காற்று கூட்டினால் ரீபவுண்டையும் ஒன்றிரண்டு கிளிக் மூட வேண்டியிருக்கும், இரண்டும் ஜோடி.

கம்ப்ரெஷனைக் கிட்டத்தட்ட முழுத் திறப்பில்தான் வைத்திருக்கிறேன். ஃபோர்க் அடிமட்டம் தட்டினால் அதைத் தொடுவதைவிட காற்றறையைச் சிறிதாக்கும் ஒரு டோக்கன் சேர்ப்பது எனக்குப் பிடிக்கும். ஆரம்ப மென்மை அப்படியே இருக்க, கடைசி சில சென்டிமீட்டர் மட்டும் இறுகும். எவ்வளவு அமுங்கியது என்று காட்டக் குழாயில் மாட்டியிருக்கும் ஓ-ரிங் ஒருமுறைகூட உச்சி வரை போகவில்லை என்றால் டோக்கனை எடுத்துவிடுங்கள்.

குறைகளும் உண்டு. லோயருக்குள் காற்று சிக்கிக்கொள்கிறது. உயரமான இடத்துக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் இது கூடுதலாகத் தெரியும். சில புதிய ஃபோர்க்குகளில் அதை வெளியேற்றப் பொத்தான் இருக்கிறது. என்னுடையதில் இல்லாததால், விளிம்பு மழுங்கிய மெல்லிய கேபிள் டையை சீலுக்குள் நைசாக நுழைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. எழுந்து நின்று மிதித்தால், இரண்டு குழாய்களும் மேலே சேரும் கிரௌன் பக்கம் கிறீச்சிடவும் ஆரம்பித்திருக்கிறது. அழுத்திப் பொருத்திய மூட்டு அது, கிரீஸ் போட்டெல்லாம் தீராது. மேல்பகுதியை மொத்தமாக மாற்றத்தான் வேண்டும்.

முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டமும் தெரிகிறது. ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டில் விரல் வைத்தபோது அசைவு இல்லை, சீலும் குழாயும் சேரும் இடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் புஷ் தேய ஆரம்பித்திருக்கிறது. டேம்பர் வேலைக்குப் பட்டறைக்குக் கொண்டுபோகும்போது கிரௌனோடு அதையும் பார்க்கச் சொல்லப்போகிறேன்.